பக்கத்துத் துறையா, தூரத்துத் துறையா? கன்டென்ட் யோசனைக்கு எங்கே தேடுவது

ஒரே துறையைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தலைப்புப் பஞ்சம் வந்தே தீரும். 'புதியவர்களுக்கான வழிகாட்டி' போட்டாயிற்று, 'தவிர்க்க வேண்டிய ஐந்து தவறுகள்' போட்டாயிற்று, 'அடுத்த ஆண்டு என்ன மாறும்' என்பதும் போட்டாயிற்று. போட்டியாளரின் பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் இதே மூன்றுதான் வேறு படத்தோடு இருக்கும். இந்த நேரத்தில் எல்லாரும் சொல்லும் அறிவுரை, 'உங்கள் துறைக்கு வெளியே பாருங்கள்' என்பது. சரி, வெளியே என்றால் எங்கே? அங்கே போய் எதை எடுப்பது? அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

முடிவெடுக்க வேண்டியது இரண்டு விஷயத்தில். எவ்வளவு தூரம் போவது, போன இடத்திலிருந்து எதைக் கொண்டுவருவது. முதல் கேள்விக்குத்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதுதான் பலனைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஆளை வைத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்போம். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்கு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். வாசகர்கள் கடை, பட்டறை நடத்துகிறவர்கள். கணக்கு என்றாலே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, ஆண்டுக் கடைசியில் மூட்டை மூட்டையாகப் பில்களோடு உட்காருகிறவர்கள்.

சொந்தத் துறைக்குள்ளேயே தேடுவது

இதை வேகமாகக் கடந்துவிடலாம். சக கணக்கு மென்பொருள் நிறுவனங்கள் என்ன எழுதுகின்றன என்று பார்ப்பதால் ஒரு பயன் உண்டு: எதை இனி எழுத வேண்டாம் என்று தெரியும். புதிதாக எதுவும் கிடைக்காது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாய்ச்சி ஓனோ 1956இல் அமெரிக்கா போய் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்தார். அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்ததாகப் பின்னாளில் எழுதியது கார் ஆலைகளை அல்ல, சூப்பர்மார்க்கெட்டுகளை. வாடிக்கையாளர் தேவையானதை, தேவையான நேரத்தில், தேவையான அளவு எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடம் மட்டும் மறுபடி நிரப்பப்படுகிறது. இந்த முறையைக் கேள்விப்பட்டு டொயோட்டாவின் மெஷின் ஷாப்பில் அவர் ஏற்கெனவே முயன்று பார்க்கத் தொடங்கியிருந்தார். காருக்கான பதில் காய்கறி அடுக்கில் இருந்தது.

பக்கத்துத் துறை

நம் எழுத்தாளருக்குப் பக்கத்துத் துறைகள் வங்கி, காப்பீடு, வரி ஆலோசனை, சம்பளப் பட்டியல் மென்பொருள். அங்கே போனால் உடனே கை நிறையக் கிடைக்கும். கடைசித் தேதிகளின் காலண்டர், கடன் விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணப் பட்டியல், முதல் முறை ஆள் வேலைக்கு வைப்பவர் கேட்கும் கேள்விகள் என்று அடுக்கலாம். இன்று பார்த்து நாளை எழுதிவிடலாம். சொற்கள் பொதுவானவை, வாசகருக்கு எதையும் புதிதாக விளக்க வேண்டாம், மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவதும் சுலபம்.

இந்த வழியை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடங்கி ஓராண்டுகூட ஆகாத பக்கம், தேடி வருகிறவர்கள் அடிப்படைக் கேள்விகளோடு வருகிறார்கள் என்றால் இதுதான் சரியான வழி. அவர்களுக்கு வேண்டியது புதுமையில்லை, பதில். குறை என்னவென்றால், உங்களுக்குப் பக்கத்துத் துறை என்பது உங்கள் போட்டியாளருக்கும் பக்கத்துத் துறைதான். அதே காலண்டர் நாளை அவர் பக்கத்திலும் வரும்.

தூரம் கூடினால் என்ன மாறுகிறது என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நிக்கோலஸ் ஃபிராங்க, மரியோன் போயெட்ஸ், மார்ட்டின் ஷ்ரையர் ஆகிய மூவர் செய்தது, 2014இல் வெளியானது. தச்சர்கள், கூரை வேலை செய்கிறவர்கள், இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த காலணியில் ஓடுவது) செய்கிறவர்கள் என்று மூன்று கூட்டத்தாரை எடுத்துக்கொண்டார்கள். மூவருக்கும் பொதுவான ஒரு தொல்லை: பாதுகாப்புக் கவசம் உடம்புக்குச் சௌகரியமாக இல்லை, அதனால் ஆட்கள் அணிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் தங்கள் கவசத்துக்கும் மற்ற இரு கூட்டத்தாரின் கவசத்துக்கும் யோசனை கேட்டார்கள். மற்ற துறைக்காரர் சொன்ன யோசனைகளில் புதுமை கூடுதலாக இருந்தது. உடனடியாகப் பயன்படும் தன்மை குறைவாக இருந்தது. துறைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட புதுமை இன்னும் கூடியது, பயன்படும் தன்மை இன்னும் குறைந்தது.

நம் தேர்வு இதில் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் எடுத்தால் வேலை குறைவு, புதுமையும் குறைவு. தூரத்தில் எடுத்தால் புதுமை கிடைக்கும், ஆனால் அதைப் பயன்படும்படி மாற்ற உழைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மூன்று கூட்டத்தாரின் தொழில்தான் வேறு, தொல்லை ஒன்று. அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூரம் என்றால் எந்தத் தூரம்

தூரத்துத் துறைக்குப் போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொடுவது. சிந்திக்கும் முறைகள் பற்றி நிறைய எழுதிய எட்வர்ட் டி போனோ பரப்பிய முறைகளில் இப்படி ஒன்று இருக்கிறது: அகராதியில் ஏதோ ஒரு சொல்லை எடுத்து, அதை உங்கள் பிரச்சினையோடு பிணைத்துப் பார்ப்பது. மூளை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும்போது அதை உலுக்க உதவும். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கலகலப்பாகவும் இருக்கும். ஆனால் நம் கணக்கு எழுத்தாளருக்கு 'வானியல்' என்று வந்து விழுந்தால் என்ன செய்வார்? 'உங்கள் வரவுசெலவும் கிரகங்களும்' என்று ஒரு தலைப்பு வரும். படித்து முடித்தவருக்குக் கணக்கில் எதுவும் மாறியிருக்காது.

மற்றது, அதே தொல்லை உள்ள வேறு துறையைத் தேடிப் போவது. மெனக்கெட வேண்டிய வழி இது. காரணம், அந்த ஒற்றுமை தானாகக் கண்ணில் படாது. மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. கோட்டையைப் பிடிக்கப் படையைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பல பாதைகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் தளபதியின் கதையை முதலில் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, ஆரோக்கியமான திசுவைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். விடை கதையிலேயே இருக்கிறது: வலுக் குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளிக்குச் செலுத்த வேண்டும். ஆனாலும் கதையைப் படித்தவர்களில் சிறு பகுதியினர்தான் தாமாக அதைப் பிடித்தார்கள். 'முன்பு படித்த கதை உதவலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலானோர் விடைக்கு வந்துவிட்டார்கள்.

எனவே பல துறைகளைப் பற்றிப் படித்துக் குவிப்பது மட்டும் போதாது. உங்கள் வாசகரின் தொல்லையை, துறைச் சொல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு வாக்கியமாக முதலில் எழுத வேண்டும். நம் எழுத்தாளர் இப்படி எழுதுவார்: 'தினம் கொஞ்சம் கவனிக்காமல் விட்டது கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்து, வலிக்கும்போது பெரிதாகியிருக்கிறது, பார்க்கப் போகவே பயமாக இருக்கிறது.' இதில் கணக்கு, பில், வரி எதுவும் இல்லை. இப்போது இதை யாரிடம் கேட்பது என்று யோசித்தால் விடை தானே வரும்: பல் மருத்துவரிடம்.

எதைக் கொண்டுவருவது

பல் மருத்துவத்திலிருந்து மூன்று விதமாக எடுக்கலாம்.

முதலாவது, பேசுபொருளையே எடுப்பது. கணக்கு மென்பொருள் நிறுவனம் பல் ஆரோக்கியம் பற்றி எழுதுவது. அபத்தமாகத் தெரிகிறதா? டயர் நிறுவனமான மிஷ்லின் 1900இல் வாகன ஓட்டிகளுக்கு இலவசக் கையேடு வெளியிட்டது. வழியில் எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்ற விவரங்களோடு. பிறகு அது உணவகங்களுக்கு வளர்ந்து, 1926இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. டயருக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நல்ல சாப்பாட்டுக்காக வண்டி ஓட்டிப் போகிறவரின் டயர் தேயும். நேரான சங்கிலி. பல்லுக்கும் கணக்குக்கும் நடுவே அப்படி ஒரு சங்கிலி இல்லை. பேசுபொருளை இரவல் வாங்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: இதைப் படித்தவர் செய்யும் காரியம் நம் தொழிலில் வந்து முடிகிறதா? பெரும்பாலும் இல்லை என்றுதான் விடை வரும். வந்தால் அது பொக்கிஷம்.

இரண்டாவது, உவமையை எடுப்பது. 'கணக்கும் பல்லும் ஒன்றுதான், தினம் தேய்க்க வேண்டும்.' 'கிரிக்கெட் கேப்டனிடம் மேலாளர் கற்க வேண்டிய பாடங்கள்', 'சதுரங்கம் சொல்லும் மார்க்கெட்டிங் ரகசியம்' எல்லாம் இந்த ரகம். இருக்கும் மூன்றில் இதுதான் மிக மலிவானது, அதனாலேயே மிக அதிகமாக எழுதப்படுகிறது. ஏஐ கருவியிடம் 'வேறு துறையிலிருந்து யோசனை கொடு' என்று கேட்டால் முதலில் கொட்டுவதும் இதைத்தான். உங்கள் பதிவு வெறும் உவமைதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எழுதி முடித்த பதிவிலிருந்து இரவல் துறையின் பெயரை அடித்துவிட்டுப் படியுங்கள். கேப்டனை எடுத்த பிறகு 'குழுவை நம்புங்கள், அமைதியாக இருங்கள்' என்பது மட்டும் மிஞ்சினால், முதலிலிருந்தே அவ்வளவுதான் இருந்தது.

மூன்றாவது, அந்தத் துறை வேலை செய்யும் விதத்தை எடுப்பது. நான் நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான்.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக் கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். இதய அறுவை முடிந்த குழந்தையை அறுவைக் கூடத்திலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கும் சில நிமிடங்களில் தவறுகள் நடந்தன. மருத்துவர்கள் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் பிட் குழுவிடம், அதாவது பந்தயத்தின் நடுவே நிற்கும் காருக்கு டயர் மாற்றி அனுப்பும் குழுவிடம், போனார்கள். கதையைப் பாதி கேட்டவர்கள் 'வேகம் கற்றுக்கொண்டார்கள்' என்பார்கள். அவர்கள் எடுத்தது அதையில்லை. பிட்டில் யார் பொறுப்பாளர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை. வேலை வரிசைப்படி நடக்கும். தேவையில்லாத பேச்சு கிடையாது. எது தவறாகப் போகலாம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். இதைக் கொண்டுவந்து, ஒப்படைப்புக்கு மயக்க மருந்து நிபுணரைப் பொறுப்பாக்கி, கருவிகளை மாற்றுவதையும் தகவல் சொல்வதையும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்தார்கள். 2007இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஒரு ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பத் தவறுகள் 3.15 ஆகக் குறைந்தன. இப்போது அந்த நடைமுறையிலிருந்து காரின் பெயரை எடுத்துவிடுங்கள். எதுவும் குறையவில்லை.

இதே கண்ணோடு நம் எழுத்தாளர் பல் மருத்துவத்தைப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

பல்லில் படியும் படலம் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டவென்று சாயமேற்றும் மாத்திரை இருக்கிறது. மென்று கொப்பளித்தால் படலம் இருக்கும் இடமெல்லாம் நிறமேறும். 'ஒழுங்காகத் தேய்க்கவில்லை' என்று யாரும் திட்ட வேண்டாம், கண்ணாடியே சொல்லிவிடும். கணக்கில் இதற்கு ஈடு என்ன? போன மாத பேங்க் ஸ்டேட்மென்டிலிருந்து ஏதாவது பத்து வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் எங்கே என்று பத்து நிமிடம் தேடச் சொல்லும் ஒரு பதிவு. அறிவுரை ஒரு வரிகூட வேண்டாம். கிடைக்காத பில்கள் மீதியைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. ஈறு பரிசோதனையில் மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய அளவுகோலை விட்டு ஆழத்தை மில்லிமீட்டரில் சத்தமாகச் சொல்வார், உதவியாளர் குறித்துக்கொள்வார். 3 வரை பெரும்பாலும் கவலையில்லை, 4 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நாற்காலியில் படுத்திருப்பவருக்குக்கூட 'இரண்டு, மூன்று, இரண்டு, ஐந்து' என்று காதில் விழும்போது எங்கே தொல்லை என்று புரிந்துவிடும். கணக்குக்கு இப்படி ஒரே ஓர் எண் உண்டா? 'கடைசியாக பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று' என்பதை அந்த எண்ணாக வைக்கலாம். மாதம் ஒருமுறை வாசகர்கள் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொள்ளும் சிறு தொடராக அது வளரும். எந்த எண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பதைக் கணக்காளரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்; மருத்துவத்தின் 3ஐயும் 4ஐயும் அப்படியே தூக்கி வரக் கூடாது.

மேலே சொன்ன இரண்டு பதிவிலும் பல் என்ற சொல்லே வர வேண்டியதில்லை. வாசகருக்கு எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாது, போட்டியாளருக்கும் தெரியாது.

வடிவம் மட்டும் வந்து, வேலை வராமல் போனால்

வேலை செய்யும் விதத்தை எடுக்கிறேன் என்று அதன் தாளை மட்டும் எடுத்து வருவது இந்த வழியின் பெரிய பள்ளம். செக்லிஸ்ட் (சரிபார்ப்புப் பட்டியல்) இதற்கு நல்ல சாட்சி. 1935 அக்டோபரில் போயிங்கின் மாடல் 299 சோதனை விமானம், கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பூட்டி வைக்கும் அமைப்பை விடுவிக்காமலே கிளம்பி விழுந்து நொறுங்கியது. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குச் செக்லிஸ்ட் வழக்கமானது. அறுவை மருத்துவம் அதை இரவல் வாங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் முயன்றபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் அறிக்கை வந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இதை எந்த அளவு பின்பற்றுகிறோம் என்று மருத்துவமனைகள் வெளியிடுவதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில் இறப்பில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. ஏன் என்று இன்னும் வாதிடுகிறார்கள். தாளில் டிக் போடுவதும், வேலையை நிறுத்தி ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதும் வேறு வேறு என்பது அதில் அடிக்கடி வரும் விளக்கம்.

கன்டென்ட் உலகில் செக்லிஸ்டுக்கு நடந்ததும் அதுதான். 'இலவச செக்லிஸ்ட் டவுன்லோட் செய்யுங்கள்' என்று போடாத பக்கம் இல்லை. டவுன்லோட் செய்ததைத் திறந்து பார்க்கிறவர்தான் இல்லை. விமானத்தில் அது இரண்டு பேர் வேலை: ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சேர்த்து எடுத்து, 'கடையை மூடியதும் ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல ஐந்து கேள்விகள்' என்று கொடுத்தால் தேய்ந்துபோன செக்லிஸ்டுக்கே மறுபடி உயிர் வரும்.

விமான விபத்து அறிக்கையும் இப்படி எடுக்கத் தக்கது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது, யாரையும் குற்றம் சாட்டுவது அல்ல என்று சொல்கிறது. மென்பொருள் துறையில் சேவை முடங்கிய பிறகு பழி சொல்லாமல் எழுதப்படும் அறிக்கைகளிலும் இதே நோக்கம் உண்டு. ஒரே பில் இரண்டு முறை பதிவானது எப்படி என்று, அந்த அந்த நேரத்தில் அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற வரிசையில் எழுதினால் 'ஐந்து தவறுகள்' பட்டியலைவிடப் பல மடங்கு படிக்க வைக்கும். ஆனால் நிஜச் சம்பவமும் சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் வேண்டும். கற்பனையாக எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே பல்லிளித்துவிடும்.

இன்னொரு பள்ளம் நேர்மை சம்பந்தப்பட்டது. சில துறைகளின் வடிவத்தோடு அதன் அதிகாரமும் ஒட்டிக்கொண்டு வரும். நாற்பது வாசகரிடம் கேட்ட கருத்தை மருத்துவ ஆய்வு போல வரைபடமும் சதவீதமுமாகப் போட்டால், வாசகர் அதற்கு இல்லாத எடையைக் கொடுத்துவிடுவார். கேள்வி கேட்கும் முறையை எடுக்கலாம், மருத்துவரின் வெள்ளை அங்கியை எடுக்கக் கூடாது.

அப்படியானால் யார் எதை எடுப்பது

வாரம் இரண்டு மணி நேரம்தான் இதற்குக் கிடைக்கும், பக்கமும் புதியது என்றால் பக்கத்துத் துறையோடு நில்லுங்கள். தூரத்துத் துறையை மேலோட்டமாகப் பார்த்தால் உவமையில்தான் போய் முடியும், அதற்கு எழுதாமலே இருக்கலாம். சட்டமும் விதியும் நிறைந்த துறை, ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றாலும் இதே பதில்தான்.

அடிப்படைக் கேள்விகளுக்கெல்லாம் எழுதியாயிற்று, வாசகர்கள் படிக்கிறார்கள் ஆனால் எதுவும் செய்வதில்லை என்ற நிலை வந்துவிட்டதா? அப்போது தூரம் போகலாம். மாதம் நான்கு பதிவு என்றால் ஒன்றுக்கு மட்டும். ஒரு தூரத்துத் துறையை எடுத்து மூன்று மாதமாவது அதோடு இருப்பது நல்லது. வாரம் ஒரு துறைக்குத் தாவினால் எதிலும் மேல்தோலைத் தாண்ட முடியாது. அந்தத் துறை வெளியாருக்குக் காட்டும் முகத்தைப் படிக்காதீர்கள். புதிதாகச் சேர்பவருக்கான பயிற்சிக் கையேடு, தவறு நடந்தபின் எழுதும் அறிக்கை, அவர்களுக்குள் வாசிக்கும் தொழில் இதழ், வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் தகுதிகள் இவற்றைத் தேடிப் படியுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவர் அரை மணி நேரம் பேசக் கிடைத்தால், 'உங்களிடம் வருகிறவர் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். சாயமேற்றும் மாத்திரை மாதிரியான விஷயங்கள் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

பலனை அளப்பதிலும் ஒரு வித்தியாசம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் துறையிலிருந்து எடுத்த பதிவுக்குத் தேடலில் வருகிறவர் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். தூரத்திலிருந்து எடுத்ததை அப்படி அளந்தால் முதல் மாதமே தோற்றதாகத் தெரியும், ஏனென்றால் 'பத்து வரி சோதனை' என்று யாரும் தேடுவதில்லை. சோதனையைச் செய்து பார்த்து 'எனக்கு நான்கு பில் கிடைக்கவில்லை' என்று எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்தும் அப்படி ஒரு பதில்கூட வரவில்லை என்றால், துறையை மாற்றும் முன்பு அந்த ஒரு வாக்கியத் தொல்லையை வாசகர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'இது என் பிரச்சினையே இல்லையே' என்று அவர் சொல்லக்கூடும்.